சிசிஐஇ: வலையமைப்பு வல்லுநர் தேர்வும் அதற்கு ஆயத்தமான முறைகளும்

சிசிஐஇ என்பது கணினி வலையமைப்புத் துறையில் வழங்கப்படும் உயர்நிலைச் சான்றிதழ்களுள் ஒன்றாகும். அமெரிக்காவின் சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனம் இதை 1993 ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. 'சிஸ்கோ சான்றளித்த வலையிணைப்பு வல்லுநர்' என்று இதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இதற்கு ஓர் எழுத்துத் தேர்வும் எட்டு மணி நேரம் நடைபெறும் ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு. எழுத்துத் தேர்வில் தேறியவரே செய்முறைத் தேர்வுக்கு இடம் பதிவு செய்ய முடியும். கல்லூரிப் பட்டமோ, பணி அனுபவமோ, கீழ்நிலைச் சான்றிதழோ கட்டாயம் இல்லை. கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்தது. ஆனால் அதன் வழியே உள்ளே போகுமளவுக்குப் பழகுவதற்குத் தேவையான கருவிகள் நெடுங்காலம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இத்தேர்வின் வரலாற்றில் பாதி, தேர்வர்கள் அந்தக் கருவிகளைத் தேடிய வரலாறுதான்.

பின்னணி

சிஸ்கோ நிறுவனத்தை 1984 டிசம்பரில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த லெனார்ட் போசாக்கும் சாண்டி லெர்னரும் தொடங்கினர். அதன் முதன்மைச் சரக்கு திசைவி எனப்படும் ரவுட்டர். ஒரு வலையமைப்பிலிருந்து வரும் தரவுப் பொட்டலம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்து அனுப்பும் கருவி இது. அஞ்சல் பிரிப்பு நிலையத்தில் உறையின் முகவரியைப் பார்த்து அது எந்த ஊர்ப் பைக்குப் போக வேண்டும் என்று பிரிப்பவரின் வேலையை ஒத்தது இதன் வேலை.

இன்று இணையம் முழுவதும் ஐபி என்ற ஒரே மொழியைப் பேசுகிறது. 1990-களின் தொடக்கத்தில் நிலைமை அப்படி இல்லை. நோவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ், ஆப்பிளின் ஆப்பிள்டாக், டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட், ஐபிஎம்-இன் எஸ்என்ஏ என்று பல நெறிமுறைகள் ஒரே அலுவலகத்தில் ஒன்றுக்கொன்று புரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. இவை அனைத்தையும் ஒரே ரவுட்டரில் சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. நெறிமுறைகளும் அப்போதுதான் உருவாகிக் கொண்டிருந்தன. இணையத்தின் பெரும் பகுதிகளைப் பிணைக்கும் பிஜிபி நெறிமுறையின் முதல் வரைவை 1989 இல் சிஸ்கோவின் கர்க் லோஹீடும் ஐபிஎம்-இன் யாக்கவ் ரெக்டரும் உணவு மேசையில் காகிதக் கைக்குட்டைகளில் எழுதினார்கள் என்பது துறையினர் அனைவரும் அறிந்த செய்தி. நான்கே ஆண்டுகளில் அந்த நெறிமுறை தேர்வுக்குரிய பாடமாகிவிட்டது.

ரவுட்டர்கள் வேகமாக விற்றன. அவற்றைப் பழுதின்றி இயக்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு வேகமாகப் பெருகவில்லை. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த சான்றிதழ் நோவெல் நிறுவனத்தின் சிஎன்இ. அதற்குக் கணினித் திரையில் வரும் பல்தேர்வு வினாக்களுக்கு விடையளித்தால் போதும். கையேட்டை மனப்பாடம் செய்து தேறிவிட்டு, பணியிடத்தில் ஒரு கம்பியைக்கூடச் சரியாகச் செருகத் தெரியாமல் நின்றவர்களைக் 'காகித சிஎன்இ' என்று கேலி செய்யும் வழக்கம் தோன்றியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களுக்கும் அதே கேலி வந்து சேர்ந்தது. சிஸ்கோ தன் தேர்வைச் செய்முறைத் தேர்வாக வைத்தது இந்தச் சூழலில்தான்.

முதல் ஆய்வகம்

முதல் தேர்வை வடிவமைத்தவர் சிஸ்கோவின் ஸ்டூவர்ட் பிக்ஸ். சான்றிதழ் எண்கள் 1024 இலிருந்து தொடங்கின. இரண்டின் பத்தாம் அடுக்கு 1024. கணினித் துறையினருக்கு நூறு, ஆயிரத்தைவிட இதுவே முழு எண். அந்த முதல் எண் எந்த மனிதருக்கும் தரப்படாமல் ஆய்வகத்துக்கே வழங்கப்பட்டது. 1025 பிக்ஸுக்கு உரியது. 1026 டெர்ரி ஸ்லாட்டரிக்குக் கிடைத்தது. சிஸ்கோ ஊழியர் அல்லாதவர்களில் முதலில் இச்சான்றிதழ் பெற்றவர் அவர். ஸ்லாட்டரி அதற்கு முன்பே ஒப்பந்த அடிப்படையில் சிஸ்கோ ரவுட்டரின் கட்டளை இடைமுகத்தைத் திருத்தி எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். தேர்வர்கள் இன்றும் தட்டச்சு செய்யும் கட்டளை முறை அக்குழுவின் வேலையிலிருந்து வந்ததே.

தொடக்க காலத்தில் செய்முறைத் தேர்வு இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் தேர்வரிடம் வினாத்தாளும், வெறும் ரவுட்டர்களும், கம்பிகளும் தரப்படும். கம்பிகளை அவரே இணைக்க வேண்டும். முகவரிகளை அவரே பிரித்து வழங்க வேண்டும். ஒவ்வொரு நெறிமுறையாக இயக்கிக் கொண்டுவர வேண்டும். மாலையில் கண்காணிப்பாளர் மதிப்பெண் இடுவார். போதிய மதிப்பெண் பெறாதவர் மறுநாள் வர வேண்டியதில்லை. மறுநாளும் கட்டும் வேலை தொடரும். பிறகு தேர்வரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் ஒன்றரை நாள் பாடுபட்டுக் கட்டிய வலையமைப்பைக் கண்காணிப்பாளர் வேண்டுமென்றே குலைத்து வைப்பார். ஒரு கம்பி மாறியிருக்கும். ஒரு முகவரியில் ஓர் எண் திரிந்திருக்கும். ஒரு வடிகட்டி எங்கோ ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். திரும்பி வரும் தேர்வர் குறித்த நேரத்துக்குள் எல்லாப் பழுதுகளையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்தத் தேர்வுமுறையின் சிறப்பு இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருந்தது. சரியாகக் கட்டத் தெரிவது ஒரு திறமை. நேற்றுவரை ஓடிய ஒன்று இன்று ஏன் ஓடவில்லை என்று கண்டறிவது வேறொரு திறமை. வலையமைப்புப் பொறியாளரின் பணி நாள்களில் பெரும்பகுதி இரண்டாவது வகை வேலையில்தான் கழிகிறது.

இன்னொரு கூறும் குறிப்பிடத்தக்கது. தேர்வறையில் சிஸ்கோவின் முழு ஆவணத் தொகுப்பையும் பார்க்கலாம். முதலில் அது 'யூனிவர்சிடி' என்ற குறுந்தகட்டில் இருந்தது. பின்னர் வலைப்பக்கங்களாக வழங்கப்பட்டது. ஆனால் தேடும் வசதி முடக்கப்பட்டிருக்கும். எந்தச் செய்தி எந்தப் பிரிவில், எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று முன்பே தெரிந்தவருக்கே ஆவணம் உதவும். மற்றவருக்கு அது நேரத்தை விழுங்கும் கிணறு. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு எளிது என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மறுப்பு இல்லை.

கருவி தேடிய காலம்

1990-களில் இத்தேர்வுக்கு ஆயத்தமானவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பெரிய நிறுவனங்களிலும் தொலைத்தொடர்பு அமைப்புகளிலும் வலையமைப்பு வேலை பார்த்தவர்களே. பயன்படாமல் கிடந்த ரவுட்டர்களைப் பணி நேரத்துக்குப் பின் இணைத்து அவர்களால் பழக முடிந்தது. ரவுட்டர் உள்ள அலுவலகத்தில் வேலையில்லாதவருக்கு அந்த வழி இல்லை. புத்தகங்களும் குறைவு. ரிச்சர்டு ஸ்டீவன்ஸ், ரேடியா பெர்ல்மன், பாசம் ஹலாபி ஆகியோரின் நூல்கள் அடிப்படையை விளக்கின. 1998 இல் ஜெஃப் டாய்ல் எழுதிய 'ரவுட்டிங் டிசிபி/ஐபி' நூலின் முதல் தொகுதி வந்த பிறகுதான் தேர்வர்களுக்கு வரிசையாகப் படிக்கத் தக்க பாடநூல் ஒன்று அமைந்தது.

பழைய கருவிகளின் சந்தை இணைய ஏலங்கள் வழியாக வளர்ந்தபோது நிலைமை சற்று மாறியது. நிறுவனங்கள் கழித்துவிட்ட 2500 வரிசை ரவுட்டர்கள் தேர்வர்களின் வீடுகளுக்கு வந்தன. 2501 என்ற வகையில் 20 மெகாஹெர்ட்சு வேகமுள்ள மோட்டோரோலா செயலி ஒன்று, ஒரு ஈதர்நெட் துளை, இரண்டு தொடர்வரிசைத் துளைகள் இருந்தன. இன்றைய மலிவான கைப்பேசியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் நெறிமுறைகளைப் பழகுவதற்கு அது போதும். அத்தகைய ரவுட்டர்கள் ஐந்தாறை ஒரு சட்டத்தில் அடுக்கி, ஒன்றைப் பிரேம் ரிலே சுவிட்சாக நடிக்கவைத்து, 2511 வகை ரவுட்டர் ஒன்றின் வழியாக எல்லாவற்றுக்கும் ஒரே திரையிலிருந்து கட்டளை தருவது அக்கால வீட்டு ஆய்வகத்தின் வழக்கமான அமைப்பு. விசிறிகளின் இரைச்சலும் வெப்பமும் படுக்கையறைவரை வந்தன. வீட்டில் இடமோ பணமோ இல்லாதவர்கள் பயிற்சி நிறுவனங்களின் ரவுட்டர் அடுக்குகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இணையம் வழியாகப் பழகினர். வாடகை நள்ளிரவுக்குப் பின் குறைவு என்பதால் பலர் அந்த நேரத்தையே தேர்ந்தெடுத்தனர்.

தேர்வுக் கட்டணமும் சிறிதன்று. 2000-களின் தொடக்கத்தில் ஒருமுறை செய்முறைத் தேர்வு எழுத 1,250 டாலர். பின்னாளில் அது 1,600 டாலராக உயர்ந்தது. அன்றைய மாற்று மதிப்பில் 1,250 டாலர் ஏறத்தாழ 60,000 ரூபாய். தேர்வு மையங்கள் உலகில் சில நகரங்களில் மட்டுமே இருந்தன: சான் ஹோசே, வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க், பிரசல்சு, சிட்னி, டோக்கியோ போன்றவை. பின்னர் பெங்களூருவிலும் ஒரு மையம் அமைந்தது. தமிழ்நாட்டுத் தேர்வர்களுக்கு அதன்பின் வெளிநாட்டுப் பயணச் செலவும் விசா அலைச்சலும் இல்லாமல் போயின. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம் போதுமானதாயிற்று. முதல் முயற்சியில் தேறாதவர்களே மிகுதி என்பதால் இச்செலவுகளை இரண்டு மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு செலவையும் உழைப்பையும் மக்கள் ஏற்றதற்குக் காரணம் உண்டு. சிஸ்கோவின் உயர்நிலை விற்பனைக் கூட்டாளியாக இருக்க விரும்பும் நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிசிஐஇ பெற்றவர்களைப் பணியில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. தங்கநிலைக் கூட்டாளிக்கு நான்கு பேர் தேவைப்பட்டனர். ஆகவே ஒருவருடைய அறிவுக்கு மட்டுமன்றி, அவருடைய சான்றிதழ் எண்ணுக்கே சந்தையில் விலை ஏற்பட்டது. தேர்வின் பிற்காலச் சிக்கல்களுக்கு வித்திட்டதும் இந்த விதிதான் எனலாம்.

ஆயத்தம் என்றால் என்ன

இத்தேர்வுக்குப் படிப்பவர்கள் ஓராண்டோ அதற்கு மேலோ எதைத்தான் பழகினார்கள் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இது தேர்வர்கள் அனைவரும் மோதிப் பார்த்த பழைய கணக்கு.

ஒரு வலையமைப்பின் ஒரு பாதியில் ரிப் என்ற நெறிமுறையும் மறு பாதியில் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையும் இயங்குகின்றன. நடுவே இரண்டு எல்லை ரவுட்டர்கள் உள்ளன. ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்பதற்காக இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துப் பாதை விவரங்களை மறுபக்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இதற்கான கட்டளை ஒவ்வொரு ரவுட்டரிலும் சில வரிகளே. கையேட்டைப் பார்த்து எவரும் தட்டச்சு செய்துவிடலாம்.

இப்போது ரிப் பக்கத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது என்று கொள்வோம். முதல் எல்லை ரவுட்டர் அந்த அலுவலகத்துக்கான வழியை ஓஎஸ்பிஎஃப் பக்கத்தில் அறிவிக்கிறது. இரண்டாம் எல்லை ரவுட்டருக்கு அதே அலுவலகத்தைப் பற்றி இரண்டு செய்திகள் வந்து சேர்கின்றன: ஒன்று ரிப் வழியாக நேரடியாக, மற்றொன்று ஓஎஸ்பிஎஃப் வழியாகச் சுற்றிக்கொண்டு. எதை நம்புவது? சிஸ்கோ ரவுட்டர்களில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு நம்பக எண் உண்டு. எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃப்-க்கு 110. எனவே இரண்டாம் ரவுட்டர் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் சொன்னதை விட்டுவிட்டு, ஊர் சுற்றி வந்த செய்தியை நம்புகிறது. அதோடு நிற்பதில்லை. தனக்கு இடப்பட்ட கட்டளைப்படி, ஓஎஸ்பிஎஃப்-இல் கேட்டதை ரிப் பக்கத்துக்கே திருப்பிச் சொல்கிறது. அப்படிச் சொல்லும்போது தொலைவைக் குறைத்துச் சொல்லிவிட்டால், அது உண்மை வழியைவிடக் குறுக்கு வழியாகத் தோன்றுகிறது. முதல் ரவுட்டரும் அதை நம்பத் தொடங்கினால், அலுவலகத்துக்குப் போக வேண்டிய பொட்டலங்கள் இரண்டு எல்லை ரவுட்டர்களுக்கும் இடையே வட்டமிட்டுச் சாகின்றன.

எந்த ரவுட்டரும் பழுதாகவில்லை. எந்தக் கட்டளையும் பிழையாக இல்லை. ஒவ்வொரு கருவியும் சொன்னதைச் செய்தது. ஆனாலும் வலையமைப்பு ஓடவில்லை. தீர்வு எளிது: ஒரு பக்கத்திலிருந்து எடுத்துச் செல்லும் ஒவ்வொரு பாதைக்கும் ஓர் அடையாள எண் இட்டு, அந்த எண் உள்ள எதையும் புறப்பட்ட பக்கத்துக்கே திருப்பி அனுப்பாதபடி தடுக்க வேண்டும், சுற்றி வந்த செய்தியின் நம்பகத்தையும் குறைக்க வேண்டும். சிஸ்கோவின் சொந்த நெறிமுறையான ஈஐஜிஆர்பி, உள்ளிருந்து கற்ற பாதைகளுக்கு 90 என்றும் வெளியிலிருந்து வந்தவற்றுக்கு 170 என்றும் வேறு வேறு எண் வைத்திருப்பதன் காரணமும் இங்கே விளங்கும்.

இதைப் படித்துப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். தேர்வில் இது இப்படித் தனியாக வராது. பன்னிரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே, மூன்று நெறிமுறைகளுடன், நிலையான பாதைகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையோடு, பிற்பகல் மூன்று மணிக்கு, காலையில் சரியாக ஓடிய ஒன்று திடீரென நின்ற வடிவில் வரும். அதனால்தான் தேர்வர்கள் ஒரே அமைப்பை இருபது முப்பது முறை கலைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பின் எல்லா ரவுட்டர்களிலிருந்தும் எல்லா முகவரிகளுக்கும் சோதனைப் பொட்டலம் அனுப்பும் சிறு நிரலை டிசிஎல் மொழியில் எழுதி ஓட்டிப் பார்ப்பது அவர்களிடையே பரவலான பழக்கம். வினாத்தாள் முழுவதையும் முதலில் படித்து, வலையமைப்பின் படத்தைத் தாளில் தன் கையால் வரைந்த பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் ஓயாமல் சொன்ன அறிவுரை. வினாவின் பொருள் தெளிவில்லை என்றால் கண்காணிப்பாளரிடம் கேட்கலாம். ஆனால் "இது சரியா?" என்று கேட்டால் பதில் வராது. "இந்த வரிக்கு இப்படிப் பொருளா, அப்படிப் பொருளா?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாளாகச் சுருங்கிய தேர்வு

2001 அக்டோபரில் செய்முறைத் தேர்வு இரண்டு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைக்கப்பட்டது. விண்ணப்பித்தவர் எண்ணிக்கை பெருகி, இடம் கிடைக்கப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்த காலம் அது. கம்பி இணைக்கும் வேலை நீங்கியது; கருவிகள் முன்பே இணைக்கப்பட்டிருந்தன. பழுது கண்டறியும் தனிப் பகுதியும் கைவிடப்பட்டது. 100 க்கு 80 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி.

நிர்வாகக் காரணங்களைக் கொண்டு பார்த்தால் இம்மாற்றம் நியாயமானதே. கல்விக் கண்ணோட்டத்தில் அது ஓர் இழப்பு. தானாகக் கட்டும்போது நேரும் தவறுகளைத் திருத்துவதும் பழுது பார்ப்பதுதானே என்ற வாதம் அப்போது சொல்லப்பட்டது. தன் தவறைத் தேடுபவருக்குத் தான் கடைசியாக என்ன செய்தோம் என்பது தெரியும். பிறர் வைத்த பழுதைத் தேடுபவருக்கு அந்த உதவி கிடையாது. நிறுவனமும் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2009 அக்டோபரில், இரண்டு மணி நேரப் பழுது கண்டறியும் பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. மீதி நேரத்தின் பெரும்பகுதி கட்டும் பகுதிக்கு ஒதுக்கப்பட்டது.

டைனமிப்ஸ்

இதற்கிடையில், 2005 ஆகஸ்டில், பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ டைனமிப்ஸ் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். சிஸ்கோவின் 7200 வரிசை ரவுட்டருக்குள் மிப்ஸ் வகைச் செயலி இருக்கிறது. சாதாரணக் கணினியை அந்தச் செயலியாகவும் அந்த ரவுட்டராகவும் நடிக்கச் செய்வதே இம்மென்பொருளின் வேலை. அதற்கு முன்பும் ரவுட்டர்போலத் திரையில் விடையளிக்கும் கற்றல் மென்பொருள்கள் இருந்தன. அவை எழுதியவர் எதிர்பார்த்த கட்டளைகளுக்கு மட்டுமே விடை தரும். டைனமிப்ஸில் ஓடியதோ ரவுட்டரின் உண்மையான இயக்க மென்பொருளான ஐஓஎஸ். எனவே நெறிமுறைகள் உண்மைக் கருவியில் நடந்துகொள்வது போலவே நடந்துகொண்டன, பழுதுகளும் அப்படியே.

முதலில் ஒரு மெய்நிகர் ரவுட்டரை ஓட்டினாலே கணினியின் செயலி முழு வேகத்தில் திணறும். ரவுட்டர் சும்மா இருக்கும் நேரத்தைக் கண்டறிந்து அப்போது ஓய்வெடுக்கச் செய்யும் 'ஐடில்-பிசி' என்ற மதிப்பைச் சரியாக அமைத்தால் திணறல் அடங்கும். ஒரே ஐஓஎஸ் படிமத்தைப் பல ரவுட்டர்கள் நினைவகத்தில் பகிர்ந்துகொள்ளும் வசதியும் வந்தது. கிரெக் அனுசெல்லி எழுதிய டைனாஜென், வலையமைப்பின் முழு அமைப்பையும் ஒரே உரைக்கோப்பில் எழுத வழிசெய்தது. பின்னர் ஜெரமி கிராஸ்மன் உருவாக்கிய ஜிஎன்எஸ்3, ரவுட்டர்களைத் திரையில் படமாக இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்கும் வசதியைத் தந்தது.

இதன் விளைவு பெரிது. ஓர் அறை நிறைய இரும்புப் பெட்டிகளாக இருந்தது ஒரு மேசைக்கணினிக்குள் அடங்கியது. பெரிய நிறுவனத்தில் வேலையில்லாத மாணவரும், டாலரில் வாடகை கட்ட இயலாத நாட்டில் இருந்தவரும் வேண்டிய நேரமெல்லாம் பழக முடிந்தது. குறைகளும் இருந்தன. சிஸ்கோவின் சுவிட்சுகளில் வேலையைச் செய்பவை தனிவகைச் சில்லுகள். அவற்றை டைனமிப்ஸால் நடிக்க முடியவில்லை. ஆகையால் பலர் ரவுட்டர்களைக் கணினியிலும் சுவிட்சுகளை மட்டும் உண்மைக் கருவிகளாகவும் வைத்து இரண்டையும் இணைத்துப் பழகினர். சட்டச் சிக்கலும் உண்டு. டைனமிப்ஸ் இலவசம், அதில் ஓட்ட வேண்டிய ஐஓஎஸ் மென்பொருள் அப்படியல்ல. சிஸ்கோவுடன் ஒப்பந்தம் உள்ளவருக்கே அதைப் பெறும் உரிமை இருந்தது. பல தேர்வர்கள் இந்த வரம்பைத் தெரிந்தே மீறினர் என்பதை மறைப்பதற்கில்லை. தேர்வுக்குப் பழகுவோருக்கென முறையான மெய்நிகர் ஆய்வகம் ஒன்றைச் சிஸ்கோ 'விர்ல்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது 2014 இன் இறுதியில்தான்.

கசிந்த வினாக்கள்

பழகுவது எளிதானதுபோலவே குறுக்கு வழியும் எளிதாயிற்று. தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்து வந்த வினாக்களைத் தொகுத்து விடையோடு விற்கும் வணிகம் வளர்ந்தது. அத்தொகுப்புகளுக்கு 'டம்ப்' என்று பெயர். தேர்வு முடிந்ததும் வினாக்களை வெளியிடுவதில்லை என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தும் இது நடந்தது. செய்முறைத் தேர்வாக இருந்தும் இது எப்படிச் சாத்தியம் என்று தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில் தனக்கு வரப்போகும் உப்பு எதுவென்று முன்பே தெரிந்த மாணவரை எண்ணிப் பார்த்தால் விளங்கும். அவரும் சோதனைக் குழாயைப் பிடிப்பார், சூடாக்குவார், வண்ணத்தைக் குறித்துக்கொள்வார். கை வேலை செய்யும். ஆனால் பகுப்பாய்வு நடப்பதில்லை.

சிஸ்கோ பல தடுப்புகளைக் கையாண்டது. எழுத்துத் தேர்வு மையங்களில் 2008 முதல் தேர்வரின் ஒளிப்படமும் கையெழுத்தும் பதிவு செய்யப்பட்டன. 2009 இல் செய்முறைத் தேர்வின் தொடக்கத்தில் சில குறுவினாக்கள் சேர்க்கப்பட்டன. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்காமல் சொந்தச் சொற்களில் விடை எழுத வேண்டும். உண்மையாகப் படித்தவர்களே அதில் தடுமாறி, எஞ்சிய நேரத்தையும் பதற்றத்தில் இழப்பதாகப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. பழுது கண்டறியும் பகுதி வந்துவிட்ட பின் 2010 இல் அவ்வினாக்கள் நீக்கப்பட்டன. ஹுவாவே நிறுவனம் தன் நிபுணர் சான்றிதழுக்கு எழுத்து, செய்முறை ஆகியவற்றோடு நேர்முக வாய்மொழித் தேர்வையும் வைத்து இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது.

2014 ஜூனில் வந்த ஐந்தாம் பதிப்பில் தேர்வறையின் கருவிகள் முழுவதும் மெய்நிகர் ஆயின. தேர்வர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் கண்ட வழிக்குத் தேர்வு வைப்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். இரும்புப் பெட்டிகளின் எண்ணிக்கை இனித் தடையில்லை என்பதால் வலையமைப்புகளை அடிக்கடி மாற்றியமைக்க முடிந்தது. ஒரே வினாத்தாள் திரும்பத் திரும்ப வருவது குறைந்தது. அதே பதிப்பில் கருவியைத் தொடாமலே விடையளிக்கும் பகுதி ஒன்றும் சேர்ந்தது. மின்னஞ்சல்கள், வரைபடங்கள், பதிவுக் கோப்புகள் ஆகியவை தரப்படும். பழுது எங்கே, அதை உறுதிசெய்ய இன்னும் எந்தச் சான்று வேண்டும் என்று சொல்ல வேண்டும். தொலைபேசியில் புகாரைக் கேட்டு நோயறியும் பொறியாளரின் வேலை இது. பிரேம் ரிலே இந்தப் பதிப்பில் விடைபெற்றது. ஐபிஎக்ஸ், ஐஎஸ்டிஎன், ஏடிஎம் ஆகியவை அதற்கு முன்பே போய்விட்டன. அவற்றுக்காக வாங்கிச் சேர்த்த கம்பிகளும் அட்டைகளும் பல வீடுகளில் பரணில் கிடந்தன.

இன்றைய அமைப்பு

2020 பிப்ரவரி 24 அன்று சிஸ்கோ தன் சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றியமைத்தது. பழைய 'ரவுட்டிங், சுவிட்சிங்' பிரிவு 'என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று பெயர் மாறியது. செய்முறைத் தேர்வின் எட்டு மணி நேரத்தில் மூன்று மணி வடிவமைப்புக்கும் ஐந்து மணி கட்டுதல், இயக்குதல், மேம்படுத்தல் ஆகியவற்றுக்கும் பிரிக்கப்பட்டது. பைத்தான் போன்ற மொழிகளில் நிரல் எழுதி வலையமைப்பைத் தானியக்கமாக்குவதும் பாடமாயிற்று. சில வாரங்களிலேயே பெருந்தொற்றுக் காரணமாக உலகெங்கும் தேர்வு ஆய்வகங்கள் மூடப்பட்டன. பல மாதங்கள் பழகிவிட்டுத் தேர்வு நாளுக்குக் காத்திருந்தவர்கள், மறதிக்கு எதிராக அதே பாடத்தை மீண்டும் மீண்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

சான்றிதழ் ஒருமுறை பெற்றால் நிலைப்பதன்று. முன்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 2020 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் தொடர்ந்து தக்கவைத்தவர் பணி மாறிவிட்டால், புதுப்பிக்காமல் 'எமெரிட்டஸ்' எனும் மதிப்புநிலையைக் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பு, தரவு மையம் போன்ற வேறு பிரிவுகளிலும் ஒருவர் தேறலாம். இரண்டு, மூன்று, அதற்கும் மேற்பட்ட பிரிவுகளில் தேறியவர்கள் இருக்கிறார்கள். எத்தனை பிரிவுகளில் தேறினாலும் அவருக்கு எண் ஒன்றுதான். முதல் தேர்ச்சியில் கிடைத்த அந்த எண் வேறு எவருக்கும் மறுபடி தரப்படுவதில்லை.